எண்சாண் உடம்பை அளந்தவர்

நம்மில் யாருடைய பெட்டியிலாவது பள்ளி மாற்றுச் சான்றிதழ் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் அங்க அடையாளங்கள் என்று ஒரு வரி இருக்கும். வலது முழங்கையில் ஒரு மச்சம், இடது கன்னத்தில் ஒரு தழும்பு என்று ஏதேனும் இரண்டு எழுதியிருப்பார்கள். வகுப்பாசிரியர் நம்மை வரிசையாக நிறுத்தி, சட்டைக் கையை மடக்கச் சொல்லி மச்சம் தேடிய காட்சி யாருக்குத்தான் மறக்கும்! மச்சமே இல்லாமல் பிறந்துவிட்ட பையன்கள், கீழே விழுந்து பெற்ற காயத் தழும்பை அன்று எவ்வளவு பெருமையோடு காட்டினார்கள்!

ஊரை விட்டு இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி, மொழி தெரியாத இந்தப் பிரதேசத்திற்கு நான் படிக்க வந்தபோது, ஒரு காரியாலயத்தில் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டியிருந்தது. உயரம் என்ற கட்டத்திற்கு எதிரே நான் பேனாவை வைத்துக்கொண்டு விழித்தேன். அங்கிருந்த குமாஸ்தா என்னை மேலும் கீழும் ஒரு தரம் பார்த்துவிட்டு, தாமே ஓர் எண்ணை எழுதிக்கொண்டார். அறைக்கு வந்து சுவரில் கோடு கிழித்து அளந்தேன். இரண்டு அங்குலம் எனக்கு இனாமாகக் கிடைத்திருந்தது! அன்று தொடங்கி என் மனத்தில் ஒரு கேள்வி. இந்த ஆள் இன்னார்தான் என்று காகிதத்தில் எழுதிவைப்பது எப்படி? பெயரை மாற்றிக்கொள்ளலாம், மீசையை எடுத்துவிடலாம். ஆனால் உடம்பை மாற்ற முடியுமா?

உடம்பு எண்சாண் என்பார் நம் பெரியோர். அவரவர் கையால் அவரவர் எட்டுச் சாண். இது வெறும் பழமொழி என்று தள்ளிவிடாதீர்கள். ஒரு சாண் 21 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் எட்டுச் சாணுக்கு 168 சென்டிமீட்டர் வருகிறது. ஓர் உறுப்பின் அளவைக்கொண்டு முழு உயரத்தை ஊகிக்கலாம் என்ற விஞ்ஞானக் கருத்து இதற்குள் ஒளிந்திருக்கிறது. இந்தக் கருத்தைச் சுற்றியே தம் வாழ்நாள் முழுவதும் நடந்து, அதனாலேயே புகழின் உச்சிக்கு ஏறி, அதனாலேயே சறுக்கியும் விழுந்த ஒரு மனிதரின் கதையை நம் சங்கத்து நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் அல்போன்ஸ் பெர்ட்டியோன்.

உதவாக்கரைப் பிள்ளை

1853ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பாரிஸ் நகரில் பிறந்தார் பெர்ட்டியோன். பிறந்த குடும்பம் சாதாரணமானதன்று. தந்தை லூயி அடால்ப் பெர்ட்டியோன் மருத்துவர், புள்ளிவிவர நிபுணர், 1859இல் பாரிஸில் மானிடவியல் சங்கம் தோன்றியபோது அதனை நிறுவியவர்களுள் ஒருவர். தாயைப் பெற்ற பாட்டனார் அஷீல் கீயார், மக்கட்தொகை ஆராய்ச்சிக்கு டெமோகிராபி என்ற பெயரை 1855இல் சூட்டியவர். அண்ணன் ஜாக் பெர்ட்டியோன் மரணக் காரணங்களை வகைப்படுத்தி 1893இல் ஒரு பட்டியல் வகுத்தார். இன்று உலகெங்கும் மருத்துவமனைகளில் வழங்கும் நோய் வகைப்பாட்டிற்கு அதுவே மூலம். வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் எண்களும் மண்டையோடுகளும் அளவுகோல்களுமே கண்ணில் படும்.

அப்படிப்பட்ட வீட்டில் அல்போன்ஸ் ஒருவர் மட்டும் உதவாக்கரை என்று பெயர் வாங்கினார். பள்ளியிலிருந்து ஒரு முறை அன்று, பல முறை வெளியேற்றப்பட்டார். வங்கி ஒன்றில் பழகுநராகச் சேர்ந்தார், அங்கும் நிலைக்கவில்லை. பிரிட்டனுக்குப் போய்ப் பிரெஞ்சு மொழி கற்றுக்கொடுத்து வயிறு வளர்த்தார். திரும்பி வந்து கட்டாய இராணுவ சேவை செய்தார். அங்கே ஓய்வு நேரங்களில் எலும்புக் கூட்டின் உறுப்புகளை அளந்து பார்க்கும் பழக்கம் மட்டும் ஏற்பட்டது. இருபத்தைந்து வயது கடந்தும் பிள்ளைக்கு ஒரு பிழைப்பு இல்லையே என்று கவலைப்பட்ட தந்தை, தமக்கிருந்த செல்வாக்கால் 1879இல் பாரிஸ் போலீஸ் தலைமைக் காரியாலயத்தில் ஒரு கீழ்நிலைக் குமாஸ்தா உத்தியோகம் வாங்கிக்கொடுத்தார். சிபாரிசில் கிடைத்த வேலை! நம் நாட்டுக் கதை போலவே இருக்கிறதல்லவா?

வேலை என்ன? கைதானவர்களின் அங்க அடையாளங்களைச் சீட்டுகளில் எழுதுவது. உயரம் நடுத்தரம், முகம் சாதாரணம், மூக்கு சாதாரணம் என்று ஆயிரக்கணக்கான சீட்டுகள்! இந்த வர்ணனைக்குப் பாரிஸ் நகரத்தில் பாதிப்பேர் பொருந்துவார்கள். புகைப்படங்களும் பல்லாயிரக்கணக்கில் குவிந்திருந்தன. ஆனால் அவை பெயர் வரிசையில் அடுக்கப்பட்டிருந்தன. பெயரை மாற்றிச் சொல்பவனை, பெயர் வரிசையில் வைத்துக் கண்டுபிடிப்பது எங்ஙனம்? பழைய குற்றவாளிக்குத் தண்டனை அதிகம் என்பதால், பிடிபட்டவன் புதுப்பெயர் சொல்லிப் புதியவனாக நடிப்பது அந்நாளில் சர்வசாதாரணம். போலீசாரின் ஞாபகசக்தி ஒன்றுதான் அதற்கு மருந்து.

எலும்பு பொய் சொல்லாது

பனிக்காலத்தில் விரல் விறைக்க, கோடையில் வியர்வை ஒழுக இந்தச் சீட்டுகளை நகல் எடுத்த குமாஸ்தாவுக்கு, வீட்டில் கேட்ட பேச்சு நினைவுக்கு வந்தது. பெல்ஜிய நாட்டுக் கணித அறிஞர் கெத்தலே, மனித உடலின் அளவுகள் ஓர் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டே பரவியிருக்கின்றன என்று காட்டியிருந்தார். உயரம் ஒத்த இருவர் கிடைப்பார்கள். உயரமும் தலை அகலமும் ஒத்த இருவர் கிடைப்பது அரிது. உயரம், தலை, விரல், பாதம் எல்லாம் ஒத்த இருவரைக் காண்பது அரிதினும் அரிது. இருபது வயதுக்கு மேல் எலும்பின் அளவுகள் ஏறக்குறைய மாறுவதில்லை. கவைக்கருவி ஒன்று இருந்தால் அவற்றை மில்லிமீட்டர் சுத்தமாக அளந்துவிடலாம். இதுதான் பெர்ட்டியோனின் கருத்து.

அளக்க வேண்டியவை பதினொன்று என்று வகுத்தார். நின்ற உயரம், இரு கைகளையும் விரித்த அகலம், உட்கார்ந்த உயரம், தலையின் நீளம், தலையின் அகலம், கன்ன எலும்புகளின் இடையகலம், வலக்காதின் நீளம், இடப்பாதத்தின் நீளம், இடக்கையின் நடுவிரல், சுண்டுவிரல், முழங்கை முதல் விரல்நுனி வரையுள்ள முழம். கைகால்களில் இடப்பக்கத்தையே தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. உழைப்பினால் வலக்கை மாறுவதுபோல் இடக்கை மாறுவதில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். உயரம் பட்டியலில் முதலாவதாக இருந்தாலும், சீட்டுகளை அடுக்கும்போது பெர்ட்டியோன் முதலில் நம்பியது தலையின் நீளத்தையே. ஏன்? உயரம் ஏமாற்றும். முழங்காலைச் சற்று மடக்கினால் ஓர் அங்குலம் போய்விடும். காலையில் எழுந்தவுடன் அளந்தால் ஓர் அளவு. நாளெல்லாம் நின்று, முதுகெலும்பின் இடைத்தட்டுகள் அழுந்திய பிறகு மாலையில் அளந்தால் ஒரு சென்டிமீட்டர் அளவிற்குக் குறையும். மண்டையோட்டை அப்படி மடக்க முடியுமா? அன்று காரியாலயத்தில் எனக்கு இரண்டு அங்குலம் கூட்டிக் கொடுத்த குமாஸ்தாவிடம் இதை யாராவது சொன்னால் தேவலை.

ஓர் அளவு இருவருக்கு ஒத்துப்போகும் வாய்ப்பு நான்கில் ஒன்று என்று வைத்துக்கொண்டால், பதினோர் அளவுகளும் ஒத்துப்போகும் வாய்ப்பு நான்கைப் பதினொரு முறை பெருக்கி வரும் எண்ணில் ஒன்று. அதாவது 41,94,304இல் ஒன்று! கேட்பவர் மலைத்துப்போகும் கணக்கு. ஆனால் இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

குமாஸ்தா தம் யோசனையை அறிக்கையாக எழுதி மேலிடத்திற்கு அனுப்பினார். போலீஸ் தலைவராக அப்போதிருந்த ஆந்திரியோ, இது ஒரு பைத்தியக்கார யோசனை என்று ஒதுக்கித் தள்ளினார். மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1882இன் கடைசியில், அப்பதவிக்கு வந்த கமெகாஸ் என்பவர் மூன்றே மூன்று மாதம் தவணை கொடுத்தார். அதற்குள் பெயர் மாற்றி வந்த பழைய குற்றவாளி ஒருவனையாவது அளவுகளைக்கொண்டு கண்டுபிடிக்க வேண்டும். இல்லையேல் யோசனையைக் கட்டிப் பரணில் போட்டுவிட வேண்டும்.

நினைத்துப் பாருங்கள். விடுதலையான ஒருவன் மறுபடியும் குற்றம் செய்து, மறுபடியும் அகப்பட்டு, அதுவும் மூன்று மாதத்திற்குள் இந்தக் குமாஸ்தாவின் கைக்கே வந்து சேர வேண்டும்! நாள்கள் ஓடின. சீட்டுகள் ஏறின. 1883 பிப்ரவரியில், டுபோன் என்று பெயர் சொன்ன ஒருவனை அளந்தார். இந்த எண்களை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. பெட்டியைத் துழாவினார். இரண்டு மாதங்களுக்கு முன் வேறு பெயரில் அளக்கப்பட்டவனின் சீட்டு கையில் அகப்பட்டது. எண்ணுக்கு எண் ஒத்தது. அவனும் ஒப்புக்கொண்டான்.

அதே பிப்ரவரி மாதம் 28ஆம் நாள் தந்தை லூயி அடால்ப் பெர்ட்டியோன் காலமானார். உதவாக்கரை என்று ஊரார் சொன்ன பிள்ளை முதல் வெற்றி பெற்றதும், பிள்ளைக்காகச் சிபாரிசு தேடி அலைந்த தந்தை கண்மூடியதும் ஒரே மாதத்தில் நடந்தன.

புகழின் உச்சி

1883ஆம் ஆண்டில் பெர்ட்டியோன் அடையாளம் காட்டிய பழைய குற்றவாளிகள் 49 பேர். அடுத்த ஆண்டில் அந்த எண்ணிக்கை 200ஐத் தாண்டியது. சீட்டுகளை அடுக்கிய முறைதான் அதன் உயிர். தலையின் நீளத்தைச் சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்றாகப் பிரிப்பது. ஒவ்வொன்றையும் தலையின் அகலத்தால் மூன்றாகப் பிரிப்பது. அதனை நடுவிரலால் மீண்டும் மூன்றாகப் பிரிப்பது. இவ்வாறு நான்கு முறை பிரித்தால் 81 அறைகள் வந்துவிடும். ஆயிரக்கணக்கான சீட்டுகளில் வேண்டிய ஒன்றைச் சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். இன்று நம் கணிப்பொறிகள் செய்யும் வேலையை மரப்பெட்டியும் கவைக்கருவியும் கொண்டு செய்தார் அவர்.

1892இல் பாரிஸில் வெடிகுண்டு வைத்த ரவஷோல் என்பவன் பிடிபட்டபோது, அவன் முன்பு கோனிக்ஸ்டைன் என்ற பெயரில் வேறோர் ஊரில் அளக்கப்பட்டவனே என்று பெர்ட்டியோன் காட்டினார். நாடு முழுவதும் அவர் பெயர் பரவியது. அவருக்கென்றே போலீஸ் இலாகாவில் தனிப்பிரிவு ஏற்பட்டது. அவருடைய முறைக்குப் பெர்ட்டியோனாஜ் என்று அவர் பெயரையே இட்டார்கள். ஐரோப்பாவும் அமெரிக்காவும் அதனை ஏற்றன. துப்பறியும் கதை மன்னர் கோனன் டாயில் தம் நாவலில் அவர் பெயரை எடுத்தாண்டார்.

படமும் அளவுகோலும்

பெர்ட்டியோன் செய்த இன்னொரு காரியம், புகைப்படத்தை ஓர் அளவுகோலாக மாற்றியது. அதற்கு முன் கைதிகளைப் படமெடுப்பது கல்யாணப் படம் எடுப்பது போலத்தான். ஒருவன் தலையைச் சாய்ப்பான், ஒருவன் சிரிப்பான். பெர்ட்டியோன் தனி நாற்காலி ஒன்றை அமைத்தார். நேர்முகம் ஒன்று, வலப்பக்க முகம் ஒன்று. எப்போதும் ஒரே தூரம், ஒரே வெளிச்சம், ஏழில் ஒரு பங்கு அளவு. படத்தில் ஒரு சென்டிமீட்டர் என்றால் முகத்தில் ஏழு சென்டிமீட்டர். போலீஸ் நிலையங்களில் இன்றும் எடுக்கும் இரட்டைப் படம் அவர் தந்ததே.

குற்றம் நடந்த இடத்தையும் இவ்வாறே படமெடுத்தார். காமிராவைக் குறிப்பிட்ட உயரத்தில் நிறுத்தி, படத்தை ஓரங்களில் அளவுக்கோடுகள் அச்சிட்ட அட்டையில் ஒட்டுவார். அறையின் நீள அகலங்களைப் பிறகு படத்திலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

படத்திலுள்ள ஆளின் உயரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பௌதிகம் படிக்காத நண்பர்களும் செய்து பார்க்கக்கூடிய ஒரு வழி சொல்கிறேன். சமதளத்தில் சாயாமல் நிறுத்திய காமிராவில், தொடுவானக் கோடு எப்போதும் காமிராவின் உயரத்திலேயே விழும். காமிரா தரையிலிருந்து 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், அந்தக் கோடு அருகில் நிற்பவனையும் தொலைவில் நிற்பவனையும் அவரவர் பாதத்திலிருந்து 150 சென்டிமீட்டர் உயரத்திலேயே வெட்டும். படத்தில் பாதத்திலிருந்து கோடு வரை 6 சென்டிமீட்டரும், பாதத்திலிருந்து உச்சந்தலை வரை 6.8 சென்டிமீட்டரும் இருந்தால், ஆளின் உயரம் 150ஐ 6ஆல் வகுத்து 6.8ஆல் பெருக்கியது, அதாவது 170 சென்டிமீட்டர். ஆள் எவ்வளவு தூரத்தில் நின்றான் என்று தெரியவேண்டியதே இல்லை! கண்காணிப்புக் காமிராவில் பதிந்த உருவத்தின் உயரத்தைத் தடயவியலார் மதிப்பிடும்போது இந்தத் தத்துவமே அடித்தளம். ஆனால் செருப்பின் தடிப்பு, தலைமுடி, நடக்கும்போது உடல் தாழ்வது, லென்ஸின் வளைவு எல்லாவற்றிற்கும் கழிவு கொடுக்க வேண்டும். ஆகவே நேர்மையான நிபுணர், விடையோடு இத்தனை சென்டிமீட்டர் கூடலாம் குறையலாம் என்ற எல்லையையும் சேர்த்தே சொல்வார்.

ஓட்டை எங்கே?

1888இல் ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் கால்டன் பாரிசுக்கு வந்து பெர்ட்டியோனின் கூடத்தைப் பார்வையிட்டார். வேலையின் ஒழுங்கைக் கண்டு வியந்தார். ஆனால் கணக்கு அவருக்கு உறுத்தியது. நெட்டையனுக்குக் கையும் நீளம், காலும் நீளம், விரலும் நீளம். ஓர் அளவு ஒத்தால் மற்றதும் ஒத்துப்போகும் வாய்ப்பு தானே கூடிவிடுகிறது. பதினொன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்று பெருக்கியது தவறல்லவா?

அந்த ஆண்டின் இறுதியிலேயே கால்டன் இந்தச் சம்பந்தத்தை எண்ணால் அளக்கும் வழியை வெளியிட்டார். முழுச் சம்பந்தம் இருந்தால் 1. சம்பந்தமே இல்லையென்றால் 0. உயரத்திற்கும் முழத்திற்கும் 0.8, உயரத்திற்கும் முழங்கால் உயரத்திற்கும் 0.9, உயரத்திற்கும் நடுவிரலுக்கும் 0.7, உயரத்திற்கும் தலை நீளத்திற்கும் 0.35 என்று கண்டார். நம் புள்ளியியல் பாடத்தில் வரும் ஒட்டுறவுக் கெழு பிறந்த கதை இதுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெர்ட்டியோனின் கணக்கைக் கெடுத்த அதே சம்பந்தம்தான் வேறொரு விஞ்ஞானத்தைப் பெற்றெடுத்தது. உறுப்புகள் ஒன்றோடொன்று தொடர்பற்றவையாக இருந்தால், ஓர் எலும்பைக்கொண்டு உயரத்தை ஊகிக்கவே முடியாது. தொடர்பு இருப்பதால்தான் எண்சாண் கணக்கு பலிக்கிறது. கால்டனின் வழி வந்த கார்ல் பியர்சன், லியோன் நகரத்து ரோலே என்பவர் 50 ஆண் சடலங்களிலும் 50 பெண் சடலங்களிலும் எடுத்த அளவுகளை ஆராய்ந்து 1899இல் சூத்திரங்கள் வெளியிட்டார். ஆணின் தொடை எலும்பு நீளத்தை 1.880ஆல் பெருக்கி 81.306ஐக் கூட்டினால் சென்டிமீட்டரில் உயரம் வரும் என்பது அவற்றுள் ஒன்று. 45 சென்டிமீட்டர் எலும்புக்கு ஏறக்குறைய 166 சென்டிமீட்டர். ஆனால் ஓரினத்து மக்களிடம் எடுத்த சூத்திரம் மற்றோர் இனத்தாருக்கு அப்படியே பொருந்தாது. பிரெஞ்சுக்காரர் எலும்பை வைத்து நம்மவரை அளந்தால் விடை பிசகும். அதனால் அந்தந்த நாட்டார் தத்தம் மக்களை அளந்தே சூத்திரம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று.

ஓர் அப்பாவியின் தீவு வாசம்

கணக்கில் விழுந்த ஓட்டை காகிதத்தோடு நின்றிருந்தால் பாதகமில்லை. 1894இல் பிரெஞ்சு இராணுவ இரகசியங்களை ஜெர்மானியருக்கு விற்கும் கடிதம் ஒன்று அகப்பட்டது. யூத இனத்தவரான காப்டன் ஆல்பிரட் டிரைபஸ் மீது சந்தேகம் விழுந்தது. கையெழுத்தைப் பார்த்துச் சொல்லுமாறு பெர்ட்டியோனை அழைத்தார்கள். அவர் கையெழுத்து நிபுணர் அல்லர், ஆயினும் சம்மதித்தார். கடிதத்தின் எழுத்து டிரைபசின் எழுத்திலிருந்து பல இடங்களில் வேறுபட்டது. அந்த வேறுபாடுகளும் டிரைபசுக்கு எதிரான சாட்சியே என்றார் பெர்ட்டியோன். தன் எழுத்தைத் தானே பொய்யாக வரைந்து ஏமாற்றுகிறார் என்று ஒரு விசித்திரக் கொள்கையைக் கட்டினார். ஒத்தாலும் குற்றம், ஒவ்வாவிட்டாலும் குற்றம்! டிரைபஸ் தண்டிக்கப்பட்டுப் பேய்த்தீவு என்ற சிறைத்தீவுக்கு அனுப்பப்பட்டார்.

1899இல் மறு விசாரணை நடந்தபோது, மாபெரும் கணித அறிஞர் ஆன்றி புவான்காரே பெர்ட்டியோனின் கணக்கைப் பிரித்துக் காட்டினார். கடிதத்தில் திரும்பத் திரும்ப வரும் 13 சொற்களின் முதலும் முடிவுமாக 26 இடங்களை ஆராய்ந்த பெர்ட்டியோன், நான்கு இடங்களில் ஒற்றுமை கண்டார். ஓர் ஒற்றுமை தற்செயலாக நேரும் வாய்ப்பு 0.2 என்றால், நான்கிற்கு 0.2ஐ நான்கு முறை பெருக்க வேண்டும், விடை 0.0016; ஆகவே இது தற்செயலன்று என்பது அவர் வாதம். நான்கே இடங்களைப் பார்த்து நான்கிலும் ஒற்றுமை கண்டிருந்தால்தான் இந்தக் கணக்குச் சரி. 26 இடங்களைத் தேடினால் தற்செயலாகவே சராசரி ஐந்து ஒற்றுமைகள் கிடைக்குமே! நான்கோ அதற்கு மேலோ கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு எழுபதுக்கும் அதிகம். நம் பட்டப்படிப்பு மாணவர் ஒருவர் பரீட்சையில் செய்தால் ஆசிரியர் சிவப்பு மையால் சுழிக்கும் பிழை இது. இந்தப் பிழைக்கு விலை ஒரு மனிதனின் வாழ்வு.

அப்போதும் இராணுவ நீதிமன்றம் டிரைபசைக் குற்றவாளி என்றே தீர்த்தது. பிறகு மன்னிப்பு என்ற பெயரில் விடுதலை செய்தார்கள். 1904இல் புவான்காரே, தார்பூ, அப்பெல் ஆகிய மூன்று கணித அறிஞர்களைக் கொண்டு பெர்ட்டியோனின் முறையை ஆராயச் செய்தார்கள். அதற்கு விஞ்ஞான மதிப்பே இல்லை என்று அவர்கள் தீர்ப்புக் கூறினார்கள். 1906 ஜூலை 12ஆம் நாள் டிரைபஸ் நிரபராதி என்பது நிலைநாட்டப்பட்டது. கடிதத்தை எழுதியவன் எஸ்டர்ஹாசி என்ற வேறோர் அதிகாரி. பெர்ட்டியோன் மட்டும் கடைசிவரை தம் தவற்றை ஒப்புக்கொள்ளவில்லை.

கல்கத்தாவிலிருந்து வந்த போட்டி

அவருடைய அளவு முறைக்கு எமன் நம் நாட்டிலிருந்தே புறப்பட்டான். வங்காளப் போலீஸ் தலைவர் எட்வர்ட் ஹென்றி 1890களின் தொடக்கத்தில் பெர்ட்டியோன் முறையைத்தான் கையாண்டார். அளப்பவர் கை சிறிது பிசகினால் எண் மாறிவிடுகிறது என்பதை அனுபவத்தில் கண்டார். அவரிடம் பணிபுரிந்த காஜி அஜீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள் விரல் ரேகைகளை வகைப்படுத்தும் வேலையில் மூழ்கினார்கள். சீட்டுகளை 1,024 அறைகளில் பிரித்துவைக்கும் கணித வழியை வகுத்தவர் அஜீஸுல் ஹக். 1897இல் கல்கத்தாவில் விரல் ரேகைக் காரியாலயம் ஏற்பட்டது. முறைக்குப் பெயர் மட்டும் ஹென்றி முறை என்றே உலகில் நிலைத்தது. உழைத்தவன் ஒருவன், பெயர் பெற்றவன் ஒருவன்!

இந்த விஞ்ஞானம் நம் ஊருக்கு வந்தபோது என்ன செய்தது என்பதையும் மறைக்கலாகாது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ், ஒரு குற்றமும் செய்யாதவரையும் பிறந்த சாதிக்காகவே பதிவு செய்து ரேகை வாங்கினார்கள். மதுரைச் சீமையில் அதற்கு ரேகைச் சட்டம் என்றே பெயர். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்து நின்ற மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒருவனை இன்னான் என்று அறிய ஏற்பட்ட கருவி, ஒரு கூட்டத்தையே இன்னார் என்று முத்திரையிடும் கருவியாக மாறிற்று. கைதிகளின் அளவுகளை எடுக்க வகைசெய்யும் சட்டமும் இந்தியாவில் அதே 1920இல்தான் பிறந்தது. 2022இல் அதற்கு மாற்றாக வந்த சட்டம் கண்மணியின் பதிவு வரைக்கும் கையை நீட்டியிருக்கிறது.

கடைசிக் காட்சி

பெர்ட்டியோன் ரேகையை அறியாதவர் அல்லர். தம் சீட்டுகளில் அதற்கும் ஓர் இடம் கொடுத்திருந்தார். 1902இல் கொலை நடந்த இடத்துக் கண்ணாடியில் பதிந்த ரேகையைக்கொண்டு ஷெப்பர் என்பவனை அவரே கண்டுபிடித்தார். ஐரோப்பாவில் ரேகையை மட்டுமே வைத்துக் கொலையாளியைக் கண்ட முதற்செயல்களுள் அது ஒன்று. ஆயினும் தாம் பெற்ற பிள்ளையான அளவு முறையைக் கைவிட மனம் வரவில்லை. சீட்டுகள் எலும்பு அளவுகளின் வரிசையிலேயே தொடர்ந்து கிடந்தன.

1911 ஆகஸ்டில் லூவர் மாளிகையிலிருந்து மோனா லிசா ஓவியம் களவு போயிற்று. திருடன் விட்டுச்சென்ற கண்ணாடியில் ரேகை இருந்தது. வின்சென்சோ பெருஜியா என்ற அந்தத் திருடன் முன்பே போலீசாரிடம் பிடிபட்டவன். அவன் சீட்டும் பெர்ட்டியோனின் பெட்டியிலேயே இருந்தது. ஆனால் ரேகையைக்கொண்டு சீட்டைத் தேட வழியில்லை. ஆளின் தலை நீளம் தெரிந்தால்தான் சீட்டு கிடைக்கும். தலை எங்கே? பெயர் வரிசையில் அடுக்கிய படங்களைக் கண்டு நகைத்த குமாஸ்தா, முப்பது ஆண்டுகளில் அதே வலையில் தாமும் விழுந்தார். 1913 டிசம்பரில் பிளாரன்ஸ் நகரத்தில் பெருஜியா தானாக ஓவியத்தை விற்க வந்து அகப்பட்டான். ஓவியம் பாரிஸ் திரும்பியது 1914 ஜனவரியில். பிப்ரவரி 13ஆம் நாள் பெர்ட்டியோன் மறைந்தார். அவருக்குப் பின் அவருடைய நாடும் ரேகை முறைக்கே மாறியது.

நண்பர்களே! விஞ்ஞானம் படிக்கும் நமக்கு இந்த வாழ்க்கையில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. பரணில் போடப்படவிருந்த ஒரு குமாஸ்தாவின் யோசனை, பொறுமையால் உலகை வலம் வந்தது என்பது ஒன்று. கையில் அளவுகோல் இருப்பதனாலேயே நாம் சொல்வதெல்லாம் உண்மையாகிவிடாது என்பது மற்றொன்று. அளவுக்கு ஒரு பிழை எல்லை உண்டு. அதை மறைக்காமல் சொல்பவனே விஞ்ஞானி. மறந்துவிட்டவன் கையில் அளவுகோல் சாட்டையாகிவிடும்.

எண்சாண் உடம்பை அங்குலம் அங்குலமாக அளந்தவர் பெர்ட்டியோன். தம் கணக்கின் பிழையை அளக்க மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. அடுத்த முறை எந்தக் காரியாலயத்திலாவது உயரம் என்ற கட்டத்தை நிரப்பும்போது அவரை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். சுவரோரம் நின்று, காலையிலோ மாலையிலோ என்பதையும் குறித்துக்கொண்டு, சரியாக அளந்து எழுதுங்கள். எனக்குக் கிடைத்த அந்த இரண்டு அங்குலத்தை, எழுதி வாங்கித் திருத்திவிட்டேன்.